எங்கே என்று கேட்பவனுக்கு

பொலோன்யாவுக்குக் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது.
விசா வந்தாயிற்று. பெட்டி இன்னும் வாங்கவில்லை.
நான் பச்சைத் திரைச்சீலையைக் கழற்றி
சாப்பாட்டு மேசைமேல் விரித்தேன்.

முர்தாஸ் உள்ளே வந்து கேட்டான்:
"என் கண்ணாடி எங்கே?"

பதினேழு வருடமாக இந்த வீட்டில்
அதிகம் தேய்ந்த சொல் அதுதான்.
நெருப்புப்பெட்டி எங்கே, நகவெட்டி எங்கே,
எலிசோவின் தெர்மாமீட்டர் எங்கே,
லிஃப்டுக்குப் போட இருபது தெத்ரி எங்கே.
ஊருக்கு என் பெயர் லம்ஸீரா.
அவனுக்கு நான் 'எங்கே.'

திபிலிசியின் இந்த ஓரத்தில், எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு விழுந்தால்தான் அசையும்.
சில்லறை இல்லாதவனுக்கு
ஒன்பது மாடியும் முழங்கால் கணக்கு.
ஆகவே முதல் பை காசுக்கு,
கதவை ஒட்டி, கை போகிற உயரத்தில்.

முதல் வரிசையைத் தட்டையாகத் தைத்துவிட்டேன்.
துணியோடு துணி ஒட்டிக் கிடந்தது,
ஒரு பூண்டுப்பல்கூட நுழையவில்லை.
பைக்கு வயிறு வேண்டும்.
பிரித்தேன்.
பட்டையை நீளம் கூட்டி வெட்டி
ஒவ்வொரு பைக்கும் இரண்டு பக்கமும் விரற்கடை மடிப்பு விட்டு
அடியில் அமுக்கி, ஓரத்தை இரட்டைத் தையலில் பூட்டினேன்.
ஒன்றை மட்டும் பிரிக்கவில்லை:
மின்கட்டண ரசீதுக்கு வயிறு எதற்கு?

மூன்று இரவு. கத்தரிக்கோல் என் கையைவிட்டு இறங்கவில்லை.

அவனுடைய பழைய ஜீன்ஸின் பின்பைகளை
அப்படியே உரித்தெடுத்து நடுவில் பொருத்தினேன்,
ஒன்றில் டார்ச், இன்னொன்றில் பேட்டரி.
"என் பிட்டத்தைச் சுவரில் மாட்டப்போகிறாயா?" என்றான்.
எலிசோ சிரித்தாள். நானும்.
பிறகு நிறுத்தினோம்,
யார் முதலில் நிறுத்தியது என்று தெரியவில்லை.

மேல் ஓரத்தை மடித்துச் சுரங்கம்போல் தைத்து
திரைக்கம்பியையே அதில் செருகினேன்.
மாட்டுவதுதான் பாடு.
எங்கள் சுவர் சோவியத் கான்கிரீட்,
ஆணி வளையும், அது வளையாது.
மூன்று ஆணி கொக்கியான பிறகு
ஆறாம் மாடி வாஷா டிரில்லோடு வந்தார்.
இரண்டு ஓட்டை, இரண்டு திருகாணி.
போகும்போது, ஏறிவந்த செலவு என்று
காசுப்பைக்குள் கைவிட்டு இருபது தெத்ரி எடுத்துக்கொண்டார்.
முதல் வாடிக்கையாளர்.

கடைசி நாள் எலிசோ அப்பாவுக்குத் தேர்வு வைத்தாள்.
கண்ணை மூடு. தெர்மாமீட்டர்?
"இரண்டாம் வரிசை... மூன்றாவது?"
ஊசி நூல்?
கையைத் துழாவி மின்ரசீதை எடுத்தான்.
ஐந்துக்கு இரண்டு.
"போதும், பாஸ்" என்றேன்.
பஸ் ஆறு மணிக்கு.

இப்போது அடுத்த அறையில்
ஓதில்யா அம்மையார் குறட்டை விடுகிறார்.
மாத்திரை எட்டு மணிக்கு, டயப்பர் பதினொன்றுக்கு,
நடுவில் எனக்கென்று ஒரு நாற்காலி.
மூன்று வாரமாக முர்தாஸ் பேசுகிறான்:
மழை, எலிசோவின் கடைவாய்ப்பல், ரொட்டி விலை.
எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.
இருபத்திரண்டு பைகளும்
என் வேலையைச் செம்மையாகப் பார்க்கின்றன.
எனக்கு ஏனோ பைகள்மேல் கோபம் வந்தது.

நேற்று இரவு போன் அடித்தது.
"கத்தரிக்கோல் எங்கே?"

எல்லாப் பைகளையும் வெட்டியதற்கு
நான் ஒரு பை வைக்கவில்லை.
தையல் எந்திரத்தின் மூடிக்கு அடியில் இருக்கிறது,
கைப்பிடி சன்னலைப் பார்த்தபடி.
தெரியும் எனக்கு.

"அங்கேதான் எங்காவது இருக்கும்" என்றேன்,
"தேடிப் பார்."

போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.
ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்தது.
சமையலறையில் அந்தத் தேய்ந்த கீல்.
எலிசோ ஏதோ கத்தினாள்.
கதவருகே கம்பி ஒருமுறை ஆடி
சுவரில் தட்டியது.
நான் வைக்கவில்லை.